அங்கியும் அரியணையும் (6): லைபீரியாவின் போதகர் அதிபர்

மதகுரு ஒருவர் நாடாளப் போனார் என்றால், கோயிலை விட்டுக் கோட்டைக்குப் போனார் என்றுதான் நினைத்துக்கொள்வோம். லைபீரியாவின் வில்லியம் டால்பர்ட் எதையும் விட்டுவிட்டுப் போனவர் அல்லர். 1913இல் பென்சன்வில்லில் பிறந்தவர். கருவூலத் துறையில் அலுவலராகி, 1943இல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாகி, 1952இல் துணை அதிபரானார். போதகராக அபிஷேகம் பெற்றது அதற்கு அடுத்த ஆண்டில்தான்! அதன் பிறகு இரண்டு ஏணிகளிலும் ஒரே நேரத்தில் ஏறினார். 1965இல் உலக பாப்டிஸ்ட் கூட்டமைப்பின் தலைவரானபோது, அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர் அவர். 1971 ஜூலையில், 27 ஆண்டுகள் ஆண்ட வில்லியம் டப்மன் லண்டனில் இறக்க, டால்பர்ட் அதிபரானார். 1980 ஏப்ரல் 12 அன்று அதிகாலையில் அதிபர் மாளிகைக்குள் புகுந்த படைவீரர்கள் அவரைக் கொன்றார்கள்.

அவர் ஏன் வீழ்ந்தார் என்பதற்குப் பொதுவாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. டப்மனின் இரும்புப் பிடி இல்லாத மென்மையான மனிதர் என்பது ஒன்று. குடும்பத்தைக் கொழுக்க வைத்த ஊழல்வாதி என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே மனிதருக்கு எப்படிப் பொருந்தும் என்பதை இந்த விடைகள் விளக்குவதில்லை. என் வாதம் இது: டால்பர்ட் ஒரு சபையை நடத்துவதைப் போல நாட்டை நடத்தினார். வறுமையையும் ஊழலையும் மனித மனத்தின் குறைகளாகப் பார்த்தார். அறிவுரை, காணிக்கை, தண்டனை, மன்னிப்பு ஆகிய நான்கையும் தாராளமாகப் பயன்படுத்தினார். யாரிடம் நிலம், யாரிடம் வணிகம், யாருக்கு ஓட்டு என்ற கேள்விகள் இந்த நான்குக்கும் அகப்படாதவை.

அவர் கையில் வந்த நாடு எப்படிப்பட்டது என்று பார்த்தால்தான் இது புரியும். அமெரிக்காவிலிருந்து திரும்பிய கறுப்பின மக்கள் குடியேறி, 1847இல் சுதந்திரக் குடியரசாக அறிவித்த நாடு லைபீரியா. அந்தக் குடியேறிகளின் வழிவந்தோர் மக்கள்தொகையில் 5 விழுக்காடுகூட இல்லை. ஆனால் அவர்களது ட்ரூ விக் கட்சி 1878 முதல் இடைவெளியே இல்லாமல் ஆண்டது. டால்பர்ட்டும் அந்த வகுப்பில் பிறந்தவர்தான். அவருடைய பாட்டனார் தென் கரோலினாவிலிருந்து வந்தவர். ஆனாலும் அவர் கொண்டுவந்த மாற்றங்களை வெறும் பூச்சு என்று தள்ளிவிட முடியாது. டப்மன் காலத்து மேல்கோட்டும் உயரத் தொப்பியும் போய் சஃபாரி உடை வந்தது. அதிபர் பூர்வகுடிகளின் க்பெல்லே மொழியில் பேசினார். வாஷிங்டனின் நிழலிலேயே இருந்த நாடு சோவியத் யூனியனோடும் சீனாவோடும் உறவு வைத்துக்கொண்டது. ஒருவர் ஒரே ஒரு எட்டாண்டுக் காலம்தான் அதிபராக இருக்கலாம் என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. கட்சிக்காரர்கள் அதை மாற்ற முனைந்தபோது தடுத்தவரும் அவரே. பதவிக்கு அலைந்த மனிதர் செய்கிற வேலையா இது?

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பள்ளி, சாலை போன்றவற்றுக்குப் பணம் வேண்டும் என்றபோது, சபையில் கட்டட நிதி திரட்டுவதைப் போல நாடு முழுவதும் நிதி திரட்டும் இயக்கம் ஒன்றை நடத்தினார். மனமுவந்து தரும் கொடை என்று பெயர். சம்பளத்தை நம்பி வாழும் அரசு ஊழியருக்கு மறுக்கும் வாய்ப்பு எங்கே இருந்தது? பாயில் படுத்தவன் மெத்தைக்கு உயர வேண்டும் என்ற முழக்கம் நாடெங்கும் கேட்டது. உயர்ந்தவர்கள் யார் என்பதையும் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி ஸ்டீபன் நிதியமைச்சர். மெசுராடோ என்ற பெரும் வணிகக் குழுமத்தை நிறுவியவர். சகோதரர் ஃபிராங்க் செனட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஸ்டீபன் பதவியைக் கொண்டு தொழில்களை வளைக்கிறார் என்று ஆல்பர்ட் போர்ட் என்ற முதிய ஆசிரியர் துண்டுப் பிரசுரம் எழுதினார். அவதூறு வழக்கில் அவருக்கு விதிக்கப்பட்ட இழப்பீடு 2,50,000 டாலர். நாட்டின் தலைமை நீதிபதி ஸ்டீபனின் மாமனார். இதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது?

மேல்தட்டைத் தொட அவருக்குத் துணிவில்லை என்று சொன்னால், ஹார்ப்பர் நகரத்து வழக்கைச் சுட்டி மறுக்கலாம். சடங்குக் கொலைக்காக 1979 பிப்ரவரியில் அங்கே ஏழு பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஆலன் யான்சி. இன்னொருவர் அந்த மாவட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். இருவரும் ஆளும் வகுப்பினர். மரண ஆணையில் கையெழுத்திட்டவர் டால்பர்ட். ஆனால் இந்த நிகழ்ச்சி என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. பாவியைத் தண்டிக்க அவர் தயங்கவில்லை. பாவம் செய்யாமலே ஒரு குடும்பத்துக்கு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுகிற ஏற்பாடு அவர் கண்ணில் குற்றமாகவே படவில்லை.

இரண்டு மாதம்கூடக் கழியவில்லை, அரிசி வந்தது. 100 பவுண்டு மூட்டையின் விலையை 22 டாலரிலிருந்து 26 டாலராக உயர்த்த வேளாண் அமைச்சகம் முன்மொழிந்தது. லைபீரியர்களுக்கும் சோறுதான் உணவு. வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த நாட்டில், நல்ல விலை கிடைத்தால் உழவர்கள் கூடுதலாக விளைவிப்பார்கள், ஊரை விட்டுத் தலைநகர் மன்ரோவியாவுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் ஓடமாட்டார்கள் என்பது அரசின் கணக்கு. பொருளாதாரமாகப் பார்த்தால் அது தவறான கணக்கு அல்ல. ஆனால் பெரிய அளவில் நெல் விளைவித்தவர்களில் அதிபர் குடும்பமும் உண்டு என்று ஊரெல்லாம் பேச்சு. விலை ஏறினால் லாபம் யாருக்கு என்று மக்கள் கேட்டார்கள். கோபம் மூண்டது அந்தக் கேள்வியில்தான். 1979 ஏப்ரல் 14 அன்று எதிரணித் தலைவர் பேக்கஸ் மேத்யூஸின் முற்போக்குக் கூட்டணி அழைத்த ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. குறைந்தது 40 பேர் இறந்தார்கள், கடைகள் சூறையாடப்பட்டன. நிலைமையைச் சமாளிக்க கினியிலிருந்து படை வரவேண்டியதாயிற்று. விலை உயர்வு கைவிடப்பட்டது.

அடுத்துச் செய்தது மன்னிப்பு. ஜூலையில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாடு மன்ரோவியாவில் கூடுவதற்குள், கைதான தலைவர்கள் விடுவிக்கப்பட்டனர். பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. அதே ஆண்டில் தலைநகரின் மேயர் பதவிக்குப் பேராசிரியர் ஏமஸ் சாயர் சுயேச்சையாகப் போட்டியிட முன்வந்தபோது, தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. எதிரியை மன்னிக்க முடிந்த அரசால் அவரோடு ஒரு நகராட்சித் தேர்தலில்கூட மோத முடியவில்லை. 1980 தொடக்கத்தில் மேத்யூஸின் கட்சிக்குப் பதிவு கிடைத்தது. மார்ச்சில் அவர் அதிபர் விலக வேண்டும் என்று பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். கட்சி தடை செய்யப்பட்டு, தலைவர்கள்மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது.

இதற்கெல்லாம் போதகர் அங்கியை ஏன் இழுக்க வேண்டும், டப்மனும் மெத்தடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டப்மன் பிரசங்கத்தை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொண்டார். வாரத்தின் மற்ற நாள்களில் அவர் ஆண்டது, சம்பளம் வாங்கும் ஒற்றர்களையும் சலுகைகளையும் கொண்டு. அந்த முறை கொடியது. ஆனால் தன்னோடு முரண்படாதது. டால்பர்ட் ஒற்றர் ஆட்சியைத் தளர்த்தினார், சலுகைகளைத் தன் வட்டத்திலேயே விட்டுவைத்தார், அச்சம் இருந்த இடத்தை நற்போதனையால் நிரப்பப் பார்த்தார். எண்ணெய் விலை ஏறியதும் ரப்பர், இரும்புத் தாதுச் சந்தை தளர்ந்ததும் காரணமில்லையா? காரணம்தான். அவை பசியை விளக்கும். அந்தப் பசி ஏன் ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லித் தெருவுக்கு வந்தது என்பதை விளக்காது. சீர்திருத்தம் தொடங்கும் நேரமே கெட்ட அரசுக்கு ஆபத்தான நேரம் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் டோக்வில்லின் கருத்தையும் இங்கே பலர் பொருத்துவார்கள். பேச்சுக்கு இடம் கொடுத்து இருக்கைக்கு இடம் கொடுக்காத சீர்திருத்தம் என்று திருத்திச் சொன்னால் நானும் ஒப்புக்கொள்வேன்.

மாளிகைக்குள் நுழைந்த 17 பேரும் பூர்வகுடி இனங்களைச் சேர்ந்த கீழ்நிலைப் படைவீரர்கள். தலைமை வகித்தவர் மாஸ்டர் சார்ஜென்ட் சாமுவேல் டோ. பத்து நாள் கழித்து, ஃபிராங்க் டால்பர்ட், தலைமை நீதிபதி ஜேம்ஸ் பியர் உட்பட 13 பேரைக் கடற்கரையில் கம்பங்களில் கட்டிச் சுட்டார்கள். இன்னும் நாலாண்டு பொறுத்திருந்தால் டால்பர்ட் தானே விலகியிருப்பாரே என்று பின்னாளில் வருந்தியவர்கள் உண்டு. உண்மைதான், அவருடைய ஒற்றைப் பதவிக்காலம் 1984 ஜனவரியில் முடிந்திருக்கும். ஆனால் அந்தத் திருத்தம் கட்டுப்படுத்தியது அதிபரை மட்டுமே. 1878 முதல் ஆண்ட கட்சியையும், சொத்துள்ளவருக்கே ஓட்டு என்ற விதியையும் அது தொடவில்லை. மன்ரோவியா மேயர் தேர்தலையே தள்ளிவைத்தவர்கள் 1983இல் அதிபர் தேர்தலை நேர்மையாக நடத்தியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம்: சிம்பாப்வேயின் முதல் அதிபரான மெத்தடிஸ்ட் போதகர் கெனான் பனானா.