வெயில் நேரத்து மின்சாரம்

நேயர்களுள் பலர் அண்மை ஆண்டுகளில் ஒரு மாறுதலைக் கண்டிருப்பார்கள். வாசலருகே நெடுங்காலமாக இருந்து வந்த மின்சார மீட்டரைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் வேறொரு சிறு பெட்டியை மாட்டிச் சென்றிருப்பார்கள். மாதந்தோறும் வந்து எண்களைக் குறித்துக்கொண்டு போன ஊழியரையும் அதன் பிறகு காண்பதற்கில்லை. இப்பெட்டியை 'ஸ்மார்ட் மீட்டர்' என்கிறார்கள். சொற்களைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இதனைச் 'சமர்த்து மீட்டர்' என்று சொல்லலாமோ என்று தோன்றியதுண்டு. ஆனால் மீட்டர் மாத்திரம் சமர்த்தாக இருந்தால் பில் குறைந்துவிடாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்துப் பழகிய ஊர்களிலிருந்து வந்து, பிற மாநிலங்களில் குடித்தனம் நடத்தும் நாம், இதன் போக்கைச் சற்று விவரமாக அறிந்துகொள்வது நல்லது.

பழைய மீட்டர் ஒன்றே ஒன்றைத்தான் அறியும்: மொத்தம் எத்தனை யூனிட் செலவாயிற்று என்பது. அந்த யூனிட் நண்பகலில் செலவாயிற்றா, இரவு எட்டு மணிக்குச் செலவாயிற்றா என்பது அதற்குத் தெரியாது. புதிய மீட்டரோ, அரைமணிக்கு ஒன்றாகவோ கால்மணிக்கு ஒன்றாகவோ செலவைத் தனித்தனியே பதிந்துகொண்டு, கம்பியில்லாத் தொடர்பின் மூலம் மின்சார நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறது. 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தொடங்கிய மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம், நாடெங்கும் இத்தகைய மீட்டர்களை 25 கோடி அளவில் பொருத்துவதை நோக்கமாகக் கொண்டது. நேரம் தெரிந்துவிட்டபடியால், நேரத்துக்கு ஏற்ற விலை வைப்பதும் கைகூடுகிறது.

ஒரே மின்சாரத்துக்கு ஏன் இரண்டு விலை என்று கேட்கலாம். மின்சாரத்தை நெல்லைப்போல் குதிரில் கொட்டி வைப்பது எளிதன்று. பெருமளவில் சேமித்து வைக்கச் செலவு மிகுதி. ஆகவே பெரும்பகுதி உற்பத்தியான கணத்திலேயே செலவாக வேண்டும். 2024 மே 30 அன்று நாட்டின் தேவை 2,50,000 மெகாவாட் என்ற அளவை எட்டியது. மறுபுறம், 2025 ஜனவரியில் நம் நாட்டின் சூரிய மின்னுற்பத்தித் திறன் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. வெயில் காயும் பொழுது மின்சாரம் தாராளமாகக் கிடைக்கிறது. கதிரவன் மறைகிற அதே வேளையில், கோடிக்கணக்கான வீடுகளில் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஒருங்கே இயங்கத் தொடங்குகின்றன. அந்நேரத்துப் பளுவை நிலக்கரி நிலையங்களும் நீர்மின் நிலையங்களும் அவசரமாகத் தாங்க வேண்டியிருக்கிறது. இரவில் மின்சாரம் மலிவு என்று ஆலைகளில் பணியாற்றிய பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அது நிலக்கரி ஒன்றையே பெரிதும் நம்பியிருந்த காலத்து வழக்கம். இப்பொழுது மலிவு நேரம் பல இடங்களில் பகலுக்கு மாறி வருகிறது.

மின் நுகர்வோர் உரிமைகளைப் பற்றிய 2020-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஜூனில் திருத்தப்பட்டன. அத்திருத்தத்தின்படி, மாநில ஒழுங்குமுறை ஆணையம் குறிக்கும் எட்டு மணி நேர வெயில் பொழுதில் கட்டணம் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் தாழ்ந்திருக்க வேண்டும். தேவை மிகுந்த உச்ச நேரத்தில், வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்கும். வணிகத்துக்கும் தொழிலுக்கும் 20 சதவீதம். உச்ச நேரம் வெயில் நேரத்தைவிட நீண்டதாக இருத்தல் ஆகாது. விவசாயம் நீங்கலாக மற்ற எல்லோருக்கும் 2025 ஏப்ரல் முதல் இம்முறை வர வேண்டும் என்றும், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய இடங்களில் உடனே வர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. இவ்வேறுபாடு செலவான யூனிட்டுக்கான கட்டணத்துக்கு மாத்திரமே. மாத நிலைக்கட்டணம் இதனால் குறைவதில்லை.

எனினும் மணிக்கணக்கை முடிவு செய்வது அந்தந்த மாநில ஆணையமே. தில்லியின் 2021-ஆம் ஆண்டுக் கட்டண ஆணையில், மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகள் விரும்பினால் இம்முறையில் சேரலாம் என்றிருந்தது. அதில் மே முதல் செப்டம்பர் வரை விடியற்காலை 4 மணி முதல் 10 மணி வரை தள்ளுபடி. பிற்பகல் 2 முதல் 5 வரையும், இரவு 10 முதல் 1 வரையும் கூடுதல். மகாராஷ்டிரத்திலோ, ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்குக் காலை 9 முதல் மாலை 5 வரை யூனிட்டுக்கு 80 காசு முதல் தள்ளுபடி என்று 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. ஓர் ஊரில் கூடுதல் விலையாக இருக்கும் பிற்பகல் மூன்று மணி, மற்றோர் ஊரில் தள்ளுபடி நேரமாக இருக்கிறது. ஆகவே பம்பாயிலிருக்கும் மைத்துனர் சொன்ன மணியைத் தில்லியில் இருப்பவர் பின்பற்றினால் லாபத்துக்குப் பதில் நட்டமே வரும். நம் பகுதியில் நடப்பிலுள்ள கட்டண அட்டவணையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, இதனால் நமக்கு லாபமா நட்டமா என்று அறிய ஒரு சிறு கணக்குப் போதும். படிநிலைக் கட்டணங்களை ஒதுக்கி, சாதாரண விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெயில் நேரத்தில் 20 சதவீதம் குறைந்தால் 5 ரூபாய் 60 காசு. யூனிட்டுக்கு 1 ரூபாய் 40 காசு மிச்சம். உச்ச நேரத்தில் 10 சதவீதம் ஏறினால் 7 ரூபாய் 70 காசு. யூனிட்டுக்கு 70 காசு அதிகம். ஒரு வெயில் யூனிட் இரண்டு உச்ச யூனிட்டின் கூடுதலை ஈடுகட்டுகிறது. உச்ச நேரத்தில் செலவாவதில் பாதியளவாவது வெயில் நேரத்தில் செலவானால் நட்டமில்லை. அதற்கு மேல் எல்லாம் லாபம். கணவனும் மனைவியும் காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் இல்லங்களுக்கு இந்தப் பாதி எட்டுவது கடினம். பகலில் பெரியவர்கள் இருக்கும் இல்லங்களுக்கு எளிது.

எங்கள் இல்லத்தில் இதே 20, 10 விகிதத்தில் நடந்ததைச் சொல்லலாம். மாதம் 300 யூனிட் செலவில் வெயில் நேரத்தில் 50, உச்ச நேரத்தில் 110 என்று முதல் மாதப் பதிவு காட்டியது. 70 ரூபாய் மிச்சமும் 77 ரூபாய் கூடுதலும் சேர்ந்து, முடிவில் 7 ரூபாய் நட்டம். எதை மாற்றலாம் என்று வீட்டார் கூடி யோசித்தபொழுது, எல்லோரும் முதலில் கை காட்டியது மாவரைக்கும் கிரைண்டரைத்தான், ஓசை பெரிதல்லவா? ஆனால் மேசைக் கிரைண்டர் அரைமணி ஓடினாலும் பத்தில் ஒரு பங்கு யூனிட்கூடச் செலவாவதில்லை. மாவை எப்பொழுது வேண்டுமானாலும் அரைக்கலாம். ஓசையே இல்லாமல் சுவரில் தொங்கும் கீஸர்தான் அரைமணியில் ஒரு யூனிட்டை விழுங்குகிறது. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு குதிரைசக்தி மோட்டாருக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். இஸ்திரிப் பெட்டிக்கும் ஏறத்தாழ அவ்வளவே. அதிகாலைக் குளியலையும் குளிர்பதனப் பெட்டியையும் மாற்ற இயலாது. மோட்டாரை மாலை ஏழிலிருந்து காலை பதினொன்றுக்கு மாற்றினோம். சலவையையும் இஸ்திரியையும் ஞாயிறு முற்பகலுக்கு ஒதுக்கினோம். 35 யூனிட் இடம் மாறியது. அடுத்த மாதம் 66 ரூபாய் 50 காசு மிச்சம். பெருந்தொகையன்று, ஆனால் சிரமமும் இல்லை.

ஆனால் அந்தக் கோடையிலே ஒரு தவறும் நேர்ந்தது. மாலை ஆறு முதல் பத்து வரை கட்டணம் அதிகம் என்று நாம் வீட்டில் இரண்டொரு தடவை சொல்லியிருந்தோம். எங்கள் தாயார் அதனை அந்நேரத்தில் மின்சாரமே கூடாது என்பதாக எடுத்துக்கொண்டார். நாம் அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை, அனல் தணியாத அறையில் குளிர்சாதனத்தைப் போடாமல், விசிறி மட்டையும் கையுமாக அமர்ந்திருந்தார். பல நாட்கள் சென்ற பிறகே இது நமக்குத் தெரிய வந்தது. காகிதம் எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினோம். மணிக்கு ஒன்றரை யூனிட் வீதம் நான்கு மணி நேரத்துக்கு ஆறு யூனிட். கூடுதல் 70 காசு வீதம் நாலு ரூபாய் இருபது காசு. "இவ்வளவுதானா?" என்றார் அவர். இந்தத் தொகையை முதல் நாளே சொல்லாதது நம் பிழை. கட்டண நேரத்தை வீட்டிலுள்ளவர்களுக்குச் சொல்லும்பொழுது, விலை எவ்வளவு ஏறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதியோர், குழந்தைகள், நோயுற்றோர் ஆகியோரின் சௌகரியத்தை நேரம் பார்த்துக் குறைக்க வேண்டியதில்லை.

வெயில் நேரம் மலிவு என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓட்டுவதும் ஆகாது. ஒவ்வொரு இணைப்புக்கும் இத்தனை கிலோவாட் என்று அனுமதித்த பளு உண்டு. கீஸர், மோட்டார், இஸ்திரி, குளிர்சாதனம் நான்கும் சேர்ந்தால் ஐந்து கிலோவாட்டைத் தாண்டும். மூன்று கிலோவாட் இணைப்பில் இதனைப் புதிய மீட்டர் பதிந்துகொள்ளும். ஒரு நிதியாண்டில் மூன்று முறையேனும் எல்லை கடந்தால், அனுமதித்த பளுவை உயர்த்த விதி இடம் தருகிறது; அதனுடன் நிலைக்கட்டணமும் உயரும். ஒன்று முடிந்த பின் மற்றொன்று என்பதே சிக்கனம். ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதற்கு முந்திய காலத்துக்கு, அது காட்டிய பளுவை வைத்து அபராதம் விதிக்கலாகாது என்பதையும் நினைவில் கொள்க.

வாடகை வீட்டில் இருப்போர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் ஒரே மீட்டர் இருக்க, குடித்தனங்களுக்குத் தனித்தனியே துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வாங்குவது பல நகரங்களில் வழக்கம். துணை மீட்டருக்கு நேரம் தெரியாது. நாம் எவ்வளவு ஒழுங்காகப் பகலுக்கு மாற்றினாலும், தள்ளுபடி வீட்டுக்காரரின் பில்லில்தான் விழும். ஆதலால் குடிபுகுமுன் தனி இணைப்பு உண்டா என்று கேட்பதும், இல்லையெனில் மூல பில்லைக் காட்டி விலை பேசுவதும் அவசியம்.

முன்பணம் செலுத்தும் முறையில் இருப்பவர்களுக்கு மற்றுமொரு கவலை, இருப்புத் தீர்ந்ததும் தொலைவிலிருந்தே மின்சாரம் துண்டிக்கப்படுவது. 2020 ஆகஸ்ட் 12 அன்று, கிருஷ்ண ஜெயந்தி நாளில், உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில், பணம் பாக்கியில்லாதோர் வீடுகள் உட்படப் பிழையாக மின்சாரம் நின்றது. கருவி பிழை செய்யாது என்று இருந்துவிடக்கூடாது. மீட்டரின் சிறு திரையில் தேதியும் மணியும் மாறி மாறித் தோன்றும். அந்த மணி நம் கடிகாரத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவில் ஐயம் எழுந்து புகார் செய்தால், 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஐந்து நாட்களுக்குள் மற்றொரு மீட்டரை இணைத்துக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க நிறுவனம் கடமைப்பட்டது. புகாருக்குரிய தொலைபேசி எண் 1912. அங்கே தீராவிடில், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார்கள். முன்பண மீட்டர் ஏற்றவரிடம் காப்புத்தொகை கேட்கலாகாது என்று அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவு கூறுகிறது. முன்பே கட்டிய தொகை என்னவாயிற்று என்று கேட்பது நம் உரிமை.

இறுதியாக, பில்லிலும் குறுஞ்செய்தியிலும் வரும் சில சொற்கள். ஹிந்தியில் 'ஸ்வீக்ருத் பார்' என்பதும் மராத்தியில் 'மஞ்சூர் பார்' என்பதும் அனுமதித்த பளு. 'ஸ்தாயி ஷுல்க்' அல்லது 'ஸ்திர் ஆகார்' என்பது நிலைக்கட்டணம். 'வீஜ் ஆகார்' என்பது யூனிட்டுக்குரிய கட்டணம். 'ஷேஷ் ராஷி' என்றால் கையிருப்பு. 'பகாயா' என்றால் பாக்கி. இவ்விரண்டையும் மாற்றிப் பொருள் கொண்டு, பாக்கியைக் கையிருப்பு என எண்ணி நிம்மதியாக இருந்தோர் உண்டு. பகலில் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இச்சொற்களையும், நம் பகுதியின் மலிவு நேரத்தையும், உச்ச நேரத்தில் எத்தனை காசு கூடும் என்பதையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, மோட்டார் சுவிட்சின் அருகே ஒட்டி வைப்பது பேருதவியாகும். எங்கள் வீட்டுத் தாளில் "நாலு ரூபாய் இருபது காசு" என்பதை மாத்திரம் சிவப்பு மையால் எழுதியிருக்கிறோம்.