பழைய காருக்குப் புதிய வலிமை

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர் சென்றால், ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் வந்துவிடும். அங்கே 2016ஆம் ஆண்டு முதல் இசுசு நிறுவனம் மோட்டார் வண்டிகளை உற்பத்தி செய்து வருகிறது. அவ்வண்டிகளில் எரிபொருளை அளந்து ஊட்டும் பணியைச் சிறியதொரு மின்னணுக் கருவி கவனித்துக்கொள்கிறது. ஆனால் அதே வட்டாரத்தில், திருப்பதியை நோக்கியும் சித்தூரை நோக்கியும் செல்லும் சாலைகளில், எப்போதேனும் ஒரு பத்மினியோ அம்பாசடரோ மெல்ல ஊர்ந்து செல்வதையும் காணலாம். அவற்றில் அந்தப் பணியைச் செய்வது கார்புரேட்டர் என்னும் எளிய பித்தளை ஜெட்டுகள் கொண்ட பாத்திரமே.

பம்பாயிலும் பெங்களூரிலும் புனேயிலும் ஆந்திரத்திலும் குடியேறிய நம்மவர் வீடுகள் சிலவற்றில் இத்தகைய கார் ஒன்று இன்னும் இருக்கிறது. தந்தையார் அரும்பாடுபட்டு வாங்கியதாக இருக்கும். விற்க மனம் வராது. வேறொன்று வாங்க வசதியும் இராது. ஆண்டுக்கொரு முறை அதில்தான் குடும்பத்தோடு ஊருக்கு வரவேண்டும், திருமலைக்கும் போகவேண்டும். “வண்டி மேட்டில் இழுக்க மறுக்கிறதே, அதிகம் செலவில்லாமல் இதற்கு வலிமை சேர்க்க வழியுண்டா?” என்பது இவர்கள் கேட்கும் கேள்வி. வழி உண்டு. ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்னும் ஒழுங்கு தெரியாவிட்டால் பணமும் வீணாகும், உயிருக்கும் ஆபத்து நேரும்.

முதலில் நம் கார்களை அறிமுகம் செய்துகொள்வோம். 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பம்பாய்க் குர்லாவில் உருவாகத் தொடங்கி, 1974இல் பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்ற காரின் எஞ்சின் 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. புதிதாக இருந்தபோது அது தந்த வலிமை சுமார் 40 குதிரைச்சக்தி. பழைய பெட்ரோல் அம்பாசடரின் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர். 1961 முதல் சென்னையிலேயே உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் எஞ்சின் தொடக்கத்தில் 948 கன சென்டிமீட்டர். மூன்றும் நான்கு சிலிண்டர் உடையவை. மூன்றும் கார்புரேட்டர் வழியே மூச்சு விடுபவை.

இவ்வளவு சிறிய எஞ்சினால் மலை ஏற முடியுமா என்று ஐயுறுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். திருமலை, கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அடிவாரத்திலிருந்து கார் ஏறவேண்டிய உயரம் சுமார் 700 மீட்டர். ஐவர் அமர்ந்து மூட்டையும் ஏற்றிய பத்மினியின் எடை 1300 கிலோகிராம் என்று கொள்வோம். 18 கிலோமீட்டர் மலைப்பாதையை அரை மணி நேரத்தில் கடப்பதானால், அந்த எடையை மேலே தூக்குவதற்குச் சராசரியாக வேண்டிய வலிமை ஆறரைக் குதிரைச்சக்தி மட்டுமே. சக்கரத்தின் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் சேர்த்தாலும் பத்துக்கு மேல் அதிகம் போகாது. செங்குத்தான வளைவுகளில் இதைப்போல் இரு மடங்கு தேவைப்படலாம். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சின் வலிமையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறையவும் கூடும். அப்படியும் 40 குதிரைச்சக்தி தாராளமாகப் போதும். ஆகவே மேட்டில் திணறும் வண்டி, பெரும்பாலும் பிறவியில் இருந்த வலிமையை வழியில் எங்கோ இழந்த வண்டியே. இழந்ததை மீட்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான முன்னேற்றம்.

எங்கே இழந்தது என்று அறிய, மெக்கானிக்கிடம் கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லவேண்டும். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேற்றுமை இருப்பின் கோளாறு உண்டு. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது. உயராவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. இதற்கு இன்னொரு காரணமும் நம் நாட்டில் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அது நம் உடல்நலத்துக்குப் பெரும் நன்மை. ஆயினும் ஈயப் படிவை நம்பி அமைந்த பழைய வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகள் நாளடைவில் தேய்ந்து உள்வாங்கும். எஞ்சினைப் பிரிக்கும் வாய்ப்பு வரும்போது கடினமான எஃகு இருக்கைகளைப் பதித்துவிட்டால் அந்தக் கவலை தீரும். வால்வை இடித்துத் திறக்கும் டாப்பட்டுகளின் இடைவெளியையும் கையேட்டில் கண்டபடி சரிசெய்யவேண்டும்.

அடுத்தது தீப்பொறி. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, விநாடிக்கு 100 பொறிகள் எழவேண்டும். அத்தனைக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் சிறிய தகடுகள் திறந்து மூடவேண்டும். பாயிண்டின் அடிப்பகுதி தேயத் தேய இடைவெளி குறையும், பொறி தாமதமாகப் பிறக்கும், பெட்ரோல் எரிந்தும் பிஸ்டனை முழுமையாகத் தள்ளாது, எஞ்சின் சூடேறும். பாயிண்டுக்குப் பதிலாக மின்னணு இக்னிஷன் பொருத்துவது இத்தகைய கார்களுக்கு மிகுந்த பயன் தரும் சிறிய மாற்றம். டிஸ்ட்ரிபியூட்டர் வெளித்தோற்றத்தில் மாறாது, தேய்வு நீங்கும், நேரம் பிசகாது. அதைப் பொருத்த வசதியில்லாதவர்கள் புதிய பாயிண்ட், கண்டென்சர், பிளக், பிளக் ஒயர் ஆகியவற்றை மாற்றி, டைமிங் விளக்கு வைத்து நேரத்தைச் சரிசெய்தாலே வேற்றுமையை உணர்வர்.

மூன்றாவது கார்புரேட்டர். இங்கேதான் இன்றைய காலத்துக்கே உரிய புதிய சிக்கல் ஒன்று எழுந்துள்ளது. பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் இலக்கை நம் நாடு 2025ஆம் ஆண்டில் எட்டியது. எத்தனாலில் பிராணவாயு அடங்கியிருக்கிறது. அதன் எரிசக்தியோ அதே அளவு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. புதிய வண்டியின் மின்னணுக் கருவி இதை உணர்ந்து அதிக எரிபொருள் ஊட்டும். பழைய கார்புரேட்டரின் ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது. ஆகையால் கலவை நீர்த்துப்போகும், வண்டி மேட்டில் தயங்கும், எஞ்சின் கொதிக்கும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பிரதான ஜெட்டை ஓரளவு பெரிதாக மாற்றி, பிளக்கின் நிறம் பார்த்து முடிவு செய்யும் அனுபவசாலியிடம் இதை ஒப்படைக்கவேண்டும். பிளக் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெண்மையாக இருந்தால் நீர்த்தது. கரி படிந்தால் மிகுந்தது.

எத்தனால் பழைய ரப்பரையும் இளக்கும். பெட்ரோல் பம்பின் சவ்வு, குழாய்கள், கார்புரேட்டர் காஸ்கட்டுகள் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுவது அவசியம். இது தீ விபத்தைத் தடுக்கும் காரியம். இதில் சிக்கனம் பார்க்கலாகாது. தொட்டியில் பல்லாண்டுகளாகப் படிந்த துருவையும் பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவருமாதலால், பெட்ரோல் வடிகட்டி ஒன்றையும் சேர்த்துப் பொருத்துக. மாதக்கணக்கில் காரை நிறுத்திவைப்போர் தொட்டியில் பழைய பெட்ரோலைத் தேக்கிவைக்க வேண்டாம். எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நீரும் தானுமாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும்.

நான்காவது குளிர்ச்சி. ரேடியேட்டரும் எஞ்சினின் நீர்வழிகளும் உப்பும் துருவும் படிந்து அடைத்திருந்தால், மற்ற வேலையெல்லாம் பயனற்றுப் போகும். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, தெர்மோஸ்டாட்டும் மூடியும் சரியாக இயங்குகின்றனவா என்று பார்த்து, கூலண்ட் கலந்த சுத்த நீரை நிரப்பவேண்டும். மின்விசிறி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்துவதும் நன்று. ஆனால் டைனமோ உள்ள மிகப் பழைய கார் அந்த மின்சாரச் சுமையைத் தாங்காது. முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் வண்டி வேகமாகத்தான் ஓடும். ஓடுகிற வண்டியை நிறுத்தவும் வேண்டும் அல்லவா? 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இப்போது திருமலையிலிருந்து இறங்குவதற்கும், 1974இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. முன்பு நாம் கணக்கிட்ட கார் இறங்கும்போது, ஏறியபோது பெற்ற ஆற்றல் அனைத்தும் வெப்பமாகவே வெளியேறவேண்டும். அந்த வெப்பம் சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் பெரும்பகுதியைப் பிரேக்கின் மீதே சுமத்தினால், பழைய டிரம் பிரேக்குகள் காய்ந்து பிடிப்பிழக்கும். பிரேக் எண்ணெய் பழையதாகி நீர் கலந்திருந்தால், அது கொதித்து ஆவியாகி, மிதி தரைவரை இறங்கியும் வண்டி நிற்காது. ஆகவே சிலிண்டர் வாஷர்கள், லைனிங்குகள், குழாய்கள் ஆகியவற்றைப் புதுப்பித்து, இரண்டாண்டுக்கொரு முறை பிரேக் எண்ணெயை மாற்றுக. இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும். பெங்களூரிலிருந்து பலமநேர் வழியாகச் சித்தூருக்கு இறங்கும் மொகிலி மலைச்சாலைக்கும் இது பொருந்தும். தேய்ந்த டயர்களை நீக்கி நல்ல ரேடியல் டயர்கள் பொருத்தினால் பிடிப்பும் கூடும். உராய்வும் குறைந்து பெட்ரோலும் மிஞ்சும்.

இதன்பின்னும் மிகுதி வலிமை வேண்டுவோர்க்கு என்ன வழி? சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் அமையும் முன்வரை, சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் பந்தயங்கள் நடத்தினர். ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே புதிய பிறவி எடுத்து ஓடின. இத்தகைய பந்தய வண்டிகளில் கையாளப்படும் முறைகள் மூன்று. எஞ்சின் தலைப்பகுதியை லேத் பட்டறையில் மெல்லச் சீவி அழுத்த விகிதத்தை உயர்த்துவது ஒன்று. காற்று செல்லும் வழிகளை வழவழப்பாகத் தேய்ப்பது ஒன்று. பெரிய அல்லது இரட்டைக் கார்புரேட்டர் வைப்பது ஒன்று. குறைந்த தரப் பெட்ரோலுக்காக 7.3 என்ற தாழ்ந்த விகிதத்தில் அமைந்த பத்மினி எஞ்சின், இன்றைய பெட்ரோலில் 8 வரை தாங்கும். தலைப்பகுதியை வேறு காரணத்துக்காகக் கழற்றும்போது அளந்து சீவினால் கூலி அதிகமாகாது. ஒருமுறை சீவியதை மீண்டும் ஒட்ட இயலாதென்பதை மட்டும் நினைவில் கொள்க. பெரிய கார்புரேட்டர் உயர்ந்த வேகத்தில் பயன் தரும். மேட்டில் மெல்ல இழுக்கும் குடும்ப வண்டிக்குப் பெட்ரோல் செலவையே தரும். பந்தய வண்டி சில சுற்றுகள் ஓடினால் போதும். நம் வண்டியோ பல ஆண்டுகள் ஓடவேண்டும்.

முழு எஞ்சினையே மாற்றலாமே என்பாரும் உளர். 1990களின் தொடக்கத்தில் அம்பாசடரைச் செய்தவர்களே அப்படி மாற்றினார்கள். அதில் வைத்தது இன்று ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலை கொண்டுள்ள அதே இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின். வலிமை சுமார் 75 குதிரைச்சக்தி. ஆனால் அவர்கள் எஞ்சினோடு ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே மாற்றினர். பொறியியல் நிறுவனம் செய்ததைத் தெருவோரப் பட்டறையில் அரைகுறையாகச் செய்வது தகாது. அன்றியும், பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிந்த காரைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், அங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்பதையும் வெளிமாநிலத்தில் வாழ்வோர் மறக்கலாகாது. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும்போது தகுதிச் சோதனையும் உண்டு. விதிமீறிய மாற்றங்கள் அங்கே வெளிப்பட்டுவிடும்.

ஆகவே கையில் உள்ள பணம் சிறிதாயினும் அதை வரிசையாகச் செலவிடுக. முதல் மாதம் பிரேக்கும் ரப்பர்க் குழாய்களும், அடுத்து தீப்பொறியும் கார்புரேட்டரும், அதன்பின் ரேடியேட்டர், பின்னர் டயர், எஞ்சினைத் திறக்கவேண்டிய நாள் வந்தால் வால்வு இருக்கையும் தலைப்பகுதியும். ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் பழக்கமான ஒரே மேட்டில் ஓட்டிப் பார்த்து, எந்தக் கியரில் ஏறுகிறது, எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று ஏட்டில் குறித்துக்கொள்க. முன்பு முதல் கியரில் மூச்சிரைத்த வண்டி இரண்டாம் கியரில் நிதானமாக ஏறினால், வேலை பலித்தது என்று கொள்ளலாம். குடும்பத்தைப் பத்திரமாக மலைக்கு ஏற்றி, பத்திரமாக இறக்கி, ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் காருக்கு வேண்டிய வலிமை அவ்வளவே.