மோட்டாரின் சூட்டை யார் நினைவில் வைப்பது?

நாமக்கல் பக்கம் ஒரு தீவன ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: “எங்கள் ஸ்குரூ கன்வேயரில் 10 எச்.பி. மோட்டார். நேம் பிளேட்டில் 14.5 ஆம்ப்ஸ். 15 ஹெர்ட்ஸில் ஓட்டுகிறோம். டிரைவில் 13 ஆம்ப்ஸ்தான் காட்டுகிறது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ‘மோட்டார் ஓவர்லோட்’ என்று டிரிப் ஆகிவிடுகிறது. மெயினை ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி ஓடுகிறது. டிரைவ் பழுதா, மாற்றிவிடலாமா?”

மாற்ற வேண்டாம். மோட்டாரின் வேகத்தை மாற்றித் தரும் அந்த டிரைவ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ‘ஆஃப் செய்து ஆன் செய்தால் ஓடுகிறது’ என்ற வரிதான் எனக்குக் கவலை தருகிறது.

ஓவர்லோட் என்பது அடிப்படையில் சூட்டுக் கணக்கு. வைண்டிங்கில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். ஆம்ப்ஸ் ஒன்றரை மடங்கானால் சூடு 2.25 மடங்கு. டிரைவின் லேபிளில் இரண்டு ரேட்டிங் போட்டிருப்பது இதனால்தான். விசிறி, பம்பு போன்ற இலகுவான வேலைக்குப் பெரும்பாலும் 110 சதவீதம் ஒரு நிமிடம். கன்வேயர், கிரஷர் போன்ற கனமான வேலைக்கு 150 சதவீதம் ஒரு நிமிடம். இந்த ஒரு நிமிடச் சலுகை பொதுவாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான். ஒரே டிரைவை விசிறிக்கு 15 கிலோவாட் என்றும் கன்வேயருக்கு 11 கிலோவாட் என்றும் விற்பது ஏமாற்று அல்ல. பின்னால் அதிகம் கேட்பதற்காக முன்னால் குறைத்துக் கொடுக்கிறார்கள். அதுவும் பேனலுக்குள் 40 டிகிரி வரைதான். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் ஒரு சதவீதம் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். சித்திரை வெயிலில், தவிட்டுத் தூசி அடைத்த ஃபில்டரோடு, மூடிய பேனலுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இது டிரைவின் உடம்பைப் பற்றிய கணக்கு. மோட்டாரின் உடம்பு வேறு. டிரைவுக்குள் இருக்கும் ஐ.ஜி.பி.டி. சில்லு நொடிப்பொழுதில் கொதித்து நொடிப்பொழுதில் ஆறும். மோட்டார் எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல் மாதிரி. சூடேற நேரம் பிடிக்கும், அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆனாலும் கை வைக்க முடியாது. ஓடும் மோட்டாரைவிட நிறுத்திய மோட்டார் இன்னும் மெதுவாக ஆறும், ஏனென்றால் பின்னால் இருக்கும் விசிறியும் அதோடு நின்றுவிடுகிறது.

வாசகரின் சிக்கல் அந்த விசிறியில்தான் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் 1440 சுற்று ஓடுகிற மோட்டார் 15 ஹெர்ட்ஸில் 400 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். அதே தண்டில் மாட்டிய விசிறியும் அவ்வளவுதான் சுற்றும். காற்று மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் ஸ்குரூ கன்வேயருக்கு வேகம் குறைந்தாலும் திருகும் பலம் குறையாது, அதனால் ஆம்ப்ஸும் இறங்காது. 14.5-க்குப் பதில் 13 ஆம்ப்ஸ் என்றால் வைண்டிங்கின் சூடு முழுச் சுமையில் வருவதில் ஏறத்தாழ 80 சதவீதம். சூடு 80, காற்று 30. ஆம்ப்ஸ் மட்டும் பார்க்கிற சாதாரண ரிலேக்கு இது தெரியாது. டிரைவுக்குத் தெரியும். வேகத்தையும் ஆம்ப்ஸையும் சேர்த்துப் பார்த்து மோட்டாரின் சூட்டை உள்ளுக்குள்ளே கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. மோட்டாருக்குள் அது எந்த வெப்பமானியும் வைத்திருக்கவில்லை. எல்லாம் கணக்குதான்.

இதில் என்னை எப்போதும் வியக்க வைப்பது அந்தக் கணக்கின் நினைவு. பழைய ஸ்டார்ட்டரில் இருந்த ஓவர்லோட் ரிலேயைப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் இரட்டை உலோகத் தகடு சூட்டில் வளைந்து டிரிப் செய்யும். உடனே ரீசெட் பட்டனை அழுத்தினால் பிடிக்காது. தகடு ஆறி நிமிர வேண்டும். கரண்டே போனாலும் அந்தச் சூடு தகட்டிலேயே நிற்கும். நினைவு வைத்துக்கொள்ள அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரைவின் நினைவோ ஒரு எண். பல டிரைவ்களில் மெயினை ஆஃப் செய்து திரை அணைந்து மறுபடி எரிந்தால் அந்த எண் பூஜ்யமாகிவிடும். மோட்டார் கொதித்துக்கொண்டிருக்கும், டிரைவோ அதை இன்றைக்குத்தான் முதல்முறை ஓடப்போகிற குளிர்ந்த மோட்டார் என்று நம்பிக் கரண்டைக் கொடுக்கும். ஐ.இ.சி. 61800-5-1 தரநிலை இந்த நினைவைக் காப்பாற்றுவது பற்றித் தனியாகவே பேசுகிறது. புதிய டிரைவ்கள் பலவற்றில் அதற்கு ஒரு செட்டிங் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா, ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள்.

வைண்டிங் பொதுவாக எஃப் வகுப்பு இன்சுலேஷன். 155 டிகிரி வரை தாங்கும். எல்லையைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது மோட்டார் துறையின் பழைய விதி. ஒவ்வொரு ஆஃப்-ஆனும் அந்த ஆயுளிலிருந்துதான் கழிகிறது. மோட்டார் ஒரே நாளில் எரிவதில்லை, நாம்தான் எரிந்த நாளில் கவனிக்கிறோம்.

கணக்கு மறந்தாலும் மறக்காத சாட்சி ஒன்று உண்டு. டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் பல மோட்டார்களில் இரண்டு மெல்லிய ஒயர்கள் டேப் சுற்றி ஓரமாகக் கிடக்கும். அவை பி.டி.சி. தெர்மிஸ்டரின் ஒயர்கள். மூன்று ஃபேஸின் வைண்டிங்குக்குள்ளும் கடுகளவு உணரி ஒன்று பதிந்திருக்கும், மூன்றும் தொடராக இணைந்திருக்கும். குளிர்ந்திருக்கும்போது சில நூறு ஓம்; எல்லை வெப்பம் வந்ததும் சட்டென்று ஆயிரக்கணக்கில் ஏறும். அந்த இரண்டு ஒயரை டிரைவின் தெர்மிஸ்டர் முனையில் கொடுத்துவிட்டால் கரண்ட் போனாலும் வந்தாலும் உண்மையான சூடு தெரியும். மேனுவலில் சொன்னபடி இணையுங்கள். மல்டிமீட்டரில் மட்டும் சோதியுங்கள். மெக்கர் வைத்தால் உணரி செத்துவிடும்.

இவ்வளவு நல்ல காவலை நம் ஆலைகளில் எத்தனை பேர் இணைக்கிறார்கள்? பெரும்பாலும் அந்த ஒயர்கள் டேப்போடு கிடக்கின்றன. காயில் கட்டக் கொடுத்தால் தெர்மிஸ்டர் இல்லாமலே திரும்பி வருகிறது, நாமும் கேட்பதில்லை. டிரிப் ஆனால் ஓவர்லோட் ஆம்ப்ஸை ஏற்றிவிடுவது வேறு வழக்கமாகிவிட்டது. அங்கே போட வேண்டியது மோட்டார் நேம் பிளேட்டின் ஆம்ப்ஸ், டிரைவின் ஆம்ப்ஸ் அல்ல. எச்சரிக்கிறவனின் வாயைக் கட்டிவிட்டு உற்பத்தியைக் காப்பாற்ற முடியாது.

வாசகருக்கு என் பதில் இதுதான். கியர் விகிதத்தை மாற்றி, அதே ஸ்குரூ வேகத்துக்கு மோட்டாரை 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஓட விடுங்கள். காற்றும் வரும், ஆம்ப்ஸும் இறங்கும். அது முடியாவிட்டால் தனியாக ஓடும் விசிறி மாட்டி, அதை டிரைவின் செட்டிங்கிலும் சொல்லுங்கள். அடுத்த தடவை காயில் கட்டும்போது தெர்மிஸ்டரைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை, டிரிப் ஆனால் மெயினில் கை வைக்காதீர்கள். மோட்டார் ஆறட்டும்.