ஐந்து இருக்கைகள்

1950களில் அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகள் விமானத்தின் விமானி அறையில் பெரும்பாலும் ஐந்து பேர் இருப்பார்கள்: கேப்டன், துணை விமானி, ஃப்ளைட் இன்ஜினியர், நேவிகேட்டர், ரேடியோ ஆபரேட்டர். நேவிகேட்டர் கூரையில் இருந்த திறப்பின் வழியே செக்ஸ்டன்டால் விண்மீனின் உயரத்தை அளந்து, கணக்குப் போட்டு, விமானம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் பென்சிலால் குறிப்பார். இன்று அதே வழியில் பறக்கும் விமானத்தை ஓட்டுவோர் இருவர். நெடுந்தூரமானால் மாற்றாள் ஓரிருவர் உண்டு.

ரேடியோ மேம்பட்டதும் அதற்கென இருந்தவர் முதலில் போனார். 1970இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 747இல் நேவிகேட்டரின் கணக்கைக் கருவியே போட்டது. 1989இல் சேவைக்கு வந்த 747-400இல் இன்ஜினியரும் இல்லை. 971 ஆக இருந்த முள்மானிகளும் குமிழ்களும் பிறவும் 365 ஆயின. இருவர் போதுமா என்று அமெரிக்க விமானிகள் சங்கம் வாதாடியது; போதும் என்று 1981இல் அதிபர் அமைத்த குழு சொன்னது. டிக்கெட் வாங்கியவரை யாரும் கேட்கவில்லை. ஆள் குறைந்த அந்த ஆண்டுகளில் விபத்து விகிதமும் குறைந்தே வந்தது.

1965இல் பயணிகளோடு லண்டன் வந்த டிரைடென்ட் விமானத்தைத் தரை தொடவைத்தது தானியங்கிக் கருவி; விமானிகள் பார்த்திருந்தார்கள். 2020இல் ஏர்பஸ்ஸின் சோதனை விமானம் கேமரா காட்டிய ஓடுபாதையைத் தானே அறிந்து எழும்பியது, இறங்கியது. ஆனால் 2017இல் யூபிஎஸ் வங்கி சுமார் 8,000 பேரிடம் கேட்டபோது, விமானி இல்லாத விமானத்தில் ஏற வாய்ப்பில்லை என்றோர் 54 சதவீதம். ஏறக்கூடும் என்றோர் 17 சதவீதம்.

மனிதர், இயந்திரம் என இரு பக்கக் கணக்கும் சுத்தமில்லை. 2009இல் பறவைகள் மோதி ஒரு பயணிகள் விமானத்தின் இரு என்ஜின்களும் ஓய்ந்தபோது, விமானிகள் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காத்தார்கள். 2015இல் ஆல்ப்ஸ் மலையில் 150 பேரோடு விமானத்தை மோதவிட்டவரும் துணை விமானிதான். 2018, 2019இல் 737 மேக்ஸ் விமானங்களில் உணரி தந்த தவறான அளவை நம்பி மூக்கைக் கீழே அழுத்தியது மென்பொருள். 346 உயிர்கள் போயின.

பிரான்சின் லீல் நகரில் 1983 முதலே ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ஓடுகிறது. கோளாறென்றால் ரயில் நின்றுவிடலாம். விமானம் நிற்க இடமில்லை. ஆகவே சரக்கு விமானத்தில் பழகி, பிறகு விமானி ஒருவராகி, மெல்ல மெல்லத்தான் விமானி இல்லாத விமானத்தைப் பயணி ஏற்பார். இதுவரை போன மூவரின் வேலையை இயந்திரம் வாங்கிக்கொண்டது. கடைசி விமானியின் வேலையையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் முடிவெடுப்பவரின் உயிரும் நம் உயிரோடு அதே விமானத்தில் இருக்கும் நிலை அன்றோடு முடியும்.