கறுப்பு பீரும் கேழ்வரகுக் கஞ்சியும்

கீரமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கும் கொழுந்தனார், பிள்ளை பெற்று இருபது நாளான மகளுக்குக் கறுப்பு பீர் கொடுக்கச் சொல்கிறாராம். "அங்கேயெல்லாம் அதுதான் பத்தியம். ரத்தம் ஊறும், பால் சுரக்கும். சாமான் கொண்டு வந்திருக்கிறேன், வீட்டிலேயே காய்ச்சிவிடலாம்" என்கிறாராம். செய்யலாமா?

செய்யக் கூடாது. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி, நம் ராஜ்யத்தில் லைசென்ஸ் இல்லாமல் எந்த மதுவையும் தயாரிப்பது குற்றம். அடுப்பங்கரை என்பதற்காகச் சட்டம் விலகி நிற்காது. ஆனால், "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டால் கொழுந்தனார் விடமாட்டார். ஆகையால் விஷயத்தை முழுசாகவே தெரிந்துகொள்வோம்.

அவர் சொல்லும் சரக்குக்கு 'ஸ்டவுட்' என்று பெயர். கீரமங்கலத்தில் கள் எப்படி உண்டாகிறது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். 2018-ல் கஜா புயல் வாரிக்கொண்டு போனது போக, இன்னும் தென்னைதான் அந்த ஊருக்குச் செல்வம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். (அந்தக் கள்ளுக்கும் 1987 முதல் தடைதான்.) பாளையில் சர்க்கரை தயாராக இருக்கிறது, வேலை சுலபம். தானியத்தில் இருப்பதோ மாவு. அதை முதலில் சர்க்கரையாக்க வேண்டும். அதற்கு வெள்ளைக்காரர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? நம் பாட்டிமார் கேழ்வரகுக்குச் செய்வதேதான்! பார்லியை ஊற வைத்து, முளை விட்டதும் காய வைக்கிறார்கள். முளைக்கும் தானியத்தில் மாவைக் கரைக்கும் ஒரு சக்தி பிறக்கிறது. நொறுக்கிய முளைத் தானியத்தைச் சுமார் 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால் தண்ணீர் தித்திக்க ஆரம்பித்துவிடும். அதை வடித்து, 'ஹாப்ஸ்' என்ற கசப்புப் பூவைப் போட்டுக் காய்ச்சி, ஆற வைத்து, ஈஸ்ட் கலந்து, இரண்டு வாரம் புளிக்க விடுவார்கள். பிறகு பாட்டிலில் அடைத்து மாதக் கணக்கில் காத்திருப்பார்கள். காரமான ஸ்டவுட் இருபது லிட்டருக்கு ஏழெட்டுக் கிலோ தானியம் வேண்டும். புளிப்பு அடங்குமுன் அடைத்துவிட்டால் பாட்டில் வெடிக்கும். சித்திரை வெயிலில் கீரமங்கலத்தில் வைத்தாலோ, ஈஸ்ட் தறிகெட்டு வேலை செய்து நாற்றம்தான் மிஞ்சும்.

கறுப்பு எங்கிருந்து வந்தது? காப்பிக்கொட்டையைப் போல் தானியத்தைக் கறுக வறுப்பதால். 1817-ல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர், காப்பி வறுக்கும் உருளையைப் போல ஒன்றைச் செய்து, அதில் தானியம் வறுக்கக் காப்புரிமை வாங்கினார். கறுக வறுத்ததில் மாவைக் கரைக்கும் சக்தி செத்துப்போகும். ஆகவே ஏழெட்டுக் கிலோவில் அரைக் கிலோ, முக்கால் கிலோதான் கறுப்பு; மிச்சமெல்லாம் வெளிறியதுதான்.

நம்மவர்களுக்கும் இந்தப் பானத்துக்கும் பழைய பரிச்சயம் உண்டு. புதுக்கோட்டை, திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எத்தனை ஆயிரம்! அந்தத் தேயிலை மலையிலே, குளிர்ந்த நுவரெலியாவில், 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். 'லயன் ஸ்டவுட்' அந்த வழியில் வந்ததுதான். இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் தயாராகிறது. சாதாரண பீரில் ஆல்கஹால் நூற்றுக்கு ஐந்து பங்கு என்றால், இதில் 8.8 பங்கு. பிள்ளை பெற்ற உடம்புக்கு இதையா?

கொழுந்தனார் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். மலேயா, சிங்கப்பூர்ப் பக்கங்களில் அந்த நம்பிக்கை நிஜமாகவே இருந்தது. அயர்லாந்தில் ரத்த தானம் செய்தவர்களுக்கே ஒரு கிளாஸ் ஸ்டவுட் கொடுத்த காலம் உண்டு. 1929-ல் டப்ளின் கின்னஸ் கம்பெனி, "கின்னஸ் உங்களுக்கு நல்லது" என்றே விளம்பரம் செய்தது. கறுப்பாக இருக்கிறதே, இரும்புச் சத்து இருக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆனால் அது வறுத்த நிறம், இரும்பின் நிறமல்ல. அரை லிட்டருக்கு மேல் பிடிக்கும் பெரிய கிளாஸ் ஒன்றில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது.

பால் விஷயம் இன்னும் சுவாரசியமானது. பார்லியில் உள்ள ஒரு பொருள், பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டின் என்ற ஹார்மோனைத் தூண்டக்கூடும். பழைய நம்பிக்கைக்கு வேர் அதுவாக இருக்கலாம். ஆனால், சுரந்த பாலை இறக்கிவிடுகிற ஆக்ஸிடோஸினை ஆல்கஹால் தடுக்கிறது. அது மட்டுமா? தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹாலோ, ஏறக்குறைய அவ்வளவும் பாலிலும் வந்துவிடும். 1991-ல் அமெரிக்காவில் பரீட்சித்துப் பார்த்தார்கள். தாய் மது அருந்திய சில மணி நேரத்துக்குக் குழந்தை குடித்த பால் குறைந்தே இருந்தது. குழந்தை அதிக தடவை சப்பியது. உள்ளே போனது என்னவோ குறைவு. பார்க்கிறவர்களுக்குக் குழந்தை நன்றாகக் குடிப்பது போலத்தான் தோன்றியிருக்கும்!

ஆக, முளைத் தானியம் நல்லது. அதைப் புளிக்க வைத்து மதுவாக்குவதுதான் வினை. கேழ்வரகை ஓர் இரவு ஊற வைத்துத் துணியில் கட்டுங்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். நிழலில் உலர்த்தி, வாசனை வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து அரையுங்கள். நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முளைத்ததால் இரும்பும் உடம்பில் நன்றாக ஒட்டும். கறுக்க மட்டும் வறுத்துவிடாதீர்கள், மாவைக் கரைக்கும் சக்தி போய்விடும். நல்ல முளைமாவில் காய்ச்சிய கஞ்சி கட்டிக் களியாக நிற்காது, இளகி ஓடும். பாலும் பனை வெல்லமும் சேர்த்து, மிதமான சூட்டில் காலையில் ஒரு டம்ளர் கொடுங்கள். மிச்ச மாவை ஈரம் படாத டின்னில் போட்டு மூடி வையுங்கள். மகளுக்குத் தலைசுற்றலோ சோர்வோ இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டி ரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அங்கே தருகிற இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டாம்.