விண்கலத்துல விருந்துன்னா மட்டும் ஏன் அதே பழைய கோட்டு? சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடர்களின் டிரெஸ் ரகசியம்!

ஒளியைவிட வேகமாகப் பறக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து மறைந்து வேறு கிரகத்தில் இறங்குகிறார்கள். ஆனால் விருந்து என்று வந்துவிட்டால் மட்டும் கறுப்பு கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் போ டை! 19ஆம் நூற்றாண்டில் வந்த டக்சிடோவை எதிர்காலத்திலும் ஏன் விட மாட்டேங்கிறாங்க?

காரணம் நாமதான். கிரகம் புதுசு, ஆட்கள் புதுசு. டிரெஸ்ஸும் புரியாத மாதிரி இருந்தால், திரையில் நடப்பது கல்யாணமா, ஆபீஸ் மீட்டிங்கா என்றே தெரியாது. டக்சிடோவைப் பார்த்த மறுநொடியே 'பெரிய இடத்து விருந்து' என்று பிடிபட்டுவிடும். வசனமே தேவையில்லை.

'டாக்டர் ஹூ' தொடரின் 2007 கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில் விண்கலத்தின் பெயரே டைட்டானிக். வேற்றுகிரகப் பயணிகள் பூமியின் பழைய கப்பல் விருந்தைப் போலவே உடுத்தி நிற்பார்கள். டேவிட் டென்னன்ட் டக்சிடோவில் வருவார். இந்த டிரெஸ்ஸைப் போட்டாலே ஏதாவது விபரீதம் நடக்குது என்று அதே வருஷம் வந்த இன்னொரு எபிசோடில் அவரே புலம்புவார். நடக்கவும் செய்யும்.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' புதிய தொடரில் அரசியல்வாதிகள் சாதாரண கோட்டு, டையில்தான் வருவார்கள். இது நம்ம ஊர் அரசியல் மாதிரியே இருக்கணும் என்று யோசித்துச் செய்தது.

சரி, புதுசா யாருமே முயற்சி பண்ணலையா?

பண்ணினாங்க. 'ஸ்டார் ட்ரெக்' முதல் தொடரில், 1967லேயே விருந்துக்கென்று பளபளக்கும் சாட்டின் சீருடை வந்தது. காலர் கழுத்தை நெரிக்குது என்று டாக்டர் மெக்காய் எரிச்சல்படுவார். கல்யாண வீட்டு போட்டோவில் நிற்கும் மாப்பிள்ளை முகம் ஞாபகம் வரும்!

உண்மையான துணிச்சல் 1987இல் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்கியபோது. எதிர்காலத்தில் ஆண், பெண் பேதம் இருக்காது என்று காட்ட, பின்னணியில் நடந்துபோகும் ஆண்கள் சிலருக்கும் குட்டைப் பாவாடை மாதிரியான சீருடை கொடுத்தார்கள். முக்கிய ஆண் பாத்திரங்கள் யாரும் அதைப் போடவில்லை என்பதைக் கவனிக்கணும். கொஞ்ச நாளில் அது சத்தமில்லாமல் காணாமல் போனது. 24ஆம் நூற்றாண்டில் நடக்கும் கதைதான், ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் 20ஆம் நூற்றாண்டுக்காரர்கள் ஆச்சே.

அந்த எண்ணத்தின் மிச்சம் விருந்துச் சீருடையில் மட்டும் தங்கியது. தொடை வரை நீளும் அங்கி, பொன்னிற ஓரம். கேப்டன் பிக்கார்டும் அதைத்தான் போட்டார். என்னைக் கேட்டால், டக்சிடோவை விட இதுதான் எதிர்காலத்தின் டிரெஸ். பார்த்ததும் சிரிப்பு வரும், ஆனால் யாருடைய அலமாரியிலிருந்தும் எடுத்தது இல்லை.

1993இல் வந்த ஒரு எபிசோடில் தொடரே இதைக் கிண்டலடித்தது. இது பொம்பளைங்க கவுன் மாதிரி இருக்கே என்று வோர்ஃப் முணுமுணுப்பார். இதெல்லாம் பழங்காலப் புத்தி என்று ரைக்கர் கண்டிப்பார். கையோடு, உனக்கு இது நல்லாத்தான் இருக்கு என்று ஒரு கேலியும். சொல்கிறவரும் அதே அங்கியில்தான் நிற்கிறார்.