கொலாபாவுக்கு வந்த சந்திரக் கற்கள்

மனிதன் சந்திரனில் இறங்கியது மெய்தானா என்னும் வினா, அந்நிகழ்ச்சி நடந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்னரும் ஓய்ந்தபாடில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி, விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் அவர்கள் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய சந்திரயான்-3 கலம், சந்திரனின் தென்துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நாம் அன்று பெருமிதம் கொண்டோம். ஆனால் அந்த மகிழ்ச்சியின் ஊடேயே பழைய ஐயமும் தலைதூக்கிற்று. "2019-இல் நம் கலம் விழுந்து நொறுங்கியது. வெறும் யந்திரத்தை இறக்குவதற்கே நாம் இத்தனை பாடுபட்டோம் என்றால், 1969-இல் மனிதரை இறக்கி, மீட்டும் கொண்டுவந்தது எவ்வாறு இயலும்?" இது எள்ளி நகையாடத்தக்க கேள்வி அன்று. நம்முடைய முயற்சியின் அருமையை உணர்ந்தவர் உள்ளத்திலேதான் இது எழும்.

விடையின் ஒரு பகுதி பணம். அப்பல்லோ திட்டத்துக்கு அமெரிக்கா அக்காலத்து மதிப்பிலேயே ஏறத்தாழ 2,500 கோடி டாலர் செலவிட்டது. அதன் உச்ச நிலையில் சுமார் நான்கு லட்சம் பேர் அதற்காக உழைத்தனர். சந்திரயான்-3-க்கு ஆன செலவோ ஏறக்குறைய 615 கோடி ரூபாய். அவர்களும் இடரின்றி வென்றாரல்லர். 1967 ஜனவரியில் தரையில் நடந்த ஒத்திகையிலேயே தீப்பற்றி மூன்று வீரர்கள் மாண்டனர். போட்டி நாடாகிய சோவியத் யூனியனை முந்திய பின் அவ்வளவு பொருளைச் செலவழிக்க அரசுக்கு மனம் இல்லாது போயிற்று. 1972 டிசம்பருக்குப் பின் எவரும் அங்கே கால் பதிக்காததன் காரணம் பெரும்பாலும் அதுவே.

1976-இல் பில் கேசிங் என்பவர் இப்பிரயாணமே பொய் என்று ஒரு நூல் வெளியிட்டார். அது முதல் வழங்கிவரும் சில்லறை ஆட்சேபங்களை விரைவில் கடந்து செல்லலாம். காற்றில்லாத இடத்தில் கொடி விரிந்து நின்றது, அதன் மேல் விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பி செருகப்பட்டிருந்ததால். புகைப்படங்களில் நட்சத்திரங்கள் தோன்றாதது, அவை பட்டப்பகல் வெயிலில் எடுக்கப்பட்டவை ஆதலால். மெரைன் டிரைவின் விளக்கொளியில் இரவில் நண்பரைப் படம் எடுத்துப் பாருங்கள். அதிலும் வானம் வெறும் கருமையாகவே இருக்கும். அப்பல்லோ-11 விட்டுவந்த அடிப்பாகத்தை நம்முடைய சந்திரயான்-2 சுற்றுக்கலமே 2021-இல் படம் எடுத்திருக்கிறது.

எனினும் படத்தை நம்பாதவர் வேறொரு படத்தையும் நம்பப் போவதில்லை. அவர்களுக்கு நான் காட்ட விரும்பும் ஆதாரம் கல். அதுவும் நாம் வாழும் இந்நகருக்கே வந்து சேர்ந்த கல்.

ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் ஆகிய மூவரும் 1969 அக்டோபரில் தம் உலகச் சுற்றுப் பயணத்தில் பம்பாய்க்கு வந்தார்கள். அவர்களைக் காண மக்கள் திரண்டனர். அவர்கள் கொண்டுவந்த கற்களில் சில துணுக்குகளும் இந்நகருக்கு வந்ததை அறிந்தவர் சிலரே. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் தேவேந்திர லால் என்னும் விஞ்ஞானியின் தலைமையில் இயங்கிய குழு அவற்றை ஆராய்ந்தது. 1971-இல் அக்குழு வெளியிட்ட ஆய்வில் பண்டாரி, தம்ஹானே முதலிய பெயர்களோடு ராஜகோபாலன், வெங்கடவரதன் என்று நம் செவிக்குப் பழகிய பெயர்களும் காணப்படுகின்றன. இந்த வெங்கடவரதன் அவர்களே பிற்காலத்தில் வொர்லியிலுள்ள நேரு கோளரங்கத்தின் இயக்குநராக இருந்தவர். அங்கே சென்று வானத்தைக் கண்டு மகிழ்ந்த நம்மவர் பலருக்கு, அவர் சந்திரக் கல்லை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தவர் என்பது தெரிந்திருக்காது.

அவர்கள் அக்கற்களில் தேடியது தடங்களை. விண்வெளியின் தொலைதூரங்களிலிருந்து ஓயாது பாய்ந்து வரும் நுண்துகள்களைக் காஸ்மிக் கதிர் என்கிறோம். 'விண்கதிர்' என்று எழுதுவோர் உளர். 'அண்டக்கதிர்' என்போரும் உளர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குப் பின்னதே உவப்பு. விண் என்றதும் தலைக்கு மேலுள்ள வானம்தான் நினைவுக்கு வருகிறது. இக்கதிர்களோ அதற்கும் அப்பாலிருந்து வருவன. இவற்றுள் இரும்பின் அணுக்கரு போன்ற கனத்த துகள்கள் கல்லிலுள்ள பளிங்குகளைத் துளைக்கும்போது, சென்ற வழியெல்லாம் பளிங்கின் கட்டமைப்பைச் சிதைத்து விடுகின்றன. அந்தச் சிதைவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தக்க ரசாயனக் கரைசலில் கல்லை ஊறவைத்தால், துருவேறிய இடம் முதலில் அரிபடுவதுபோல, துகள் சென்ற பாதை மட்டும் விரைவில் கரைந்து, உருப்பெருக்கியின் கீழ் மெல்லிய கோடாகத் தெரியும். ஒலிவின் என்னும் கனிமத்தில் இத்தடங்களைத் தெளிவாக வெளிக்கொணரும் கரைசல் ஒன்றை 1971-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் இதே கொலாபா நிலையத்தார். தடங்களை எண்ணினால், அக்கல் எத்தனை லட்சம், எத்தனை கோடி ஆண்டுகள் திறந்த வெளியில் கிடந்தது என்று கணக்கிடலாம்.

இத்தகைய கல்லைப் பூமியிலே செய்துவிட முடியுமா? முடியாது. நம் தலைக்கு மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ காற்று நிற்கிறது. பத்து மீட்டர் ஆழமுள்ள நீர்த்திரைக்கு அது சமம். அதைக் கடந்து அந்த இரும்புத் துகள்கள் தரைக்கு வருவதில்லை. அப்படியானால் வானிலிருந்து விழும் எரிகற்களைப் பொறுக்கி வந்து சந்திரக் கல் என்று ஏமாற்றியிருக்கலாமே என்பர். எரிகற்களின் உள்ளே தடங்கள் உண்டுதான். ஆனால் காற்றில் பாய்ந்து வரும்போது அவற்றின் மேல்தோல் உருகிப் போய்விடும். சூரியனிலிருந்து வரும் வலிமை குறைந்த துகள்களின் தடங்கள் கல்லின் மேற்புறத்தில் மில்லிமீட்டர் அளவிலேயே நெருங்கி நிற்பவை. உள்ளே செல்லச் செல்ல அவை வேகமாகக் குறையும். உருகாத மேல்தோலும், அதில் இந்தத் தடங்களும், மணலினும் சிறிய விண்துகள்கள் மோதிய நுண்குழிகளும் சந்திரக் கற்களிலே உள்ளன. சோவியத் யூனியனைப்போல் யந்திரங்களை அனுப்பி அள்ளியிருக்கலாமே என்பதும் பொருந்தாது. சோவியத்தின் மூன்று லூனா யந்திரங்கள் கொண்டுவந்த மண் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 325 கிராம். அப்பல்லோ வீரர்கள் ஆறு முறை இறங்கிக் கொண்டுவந்தது 382 கிலோ.

இனி, அங்கே வாழலாமா என்னும் கேள்விக்கு வருவோம். இதற்கும் விடை அக்கல்லிலேயே இருக்கிறது. பளிங்கில் தடம் பதித்த அதே துகள்கள் மனித உடலையும் துளைக்கும். 2019-இல் இறங்கிய சீனத்தின் சாங்'அ-4 கலம் அளந்தபடி, சந்திரனின் தரையில் நிற்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.37 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு கிடைக்கும். பூமியில் இயற்கையாக நமக்குச் சராசரியாகக் கிடைப்பது ஓராண்டுக்கே 2.4 மில்லிசீவர்ட். அதாவது நமக்கு ஓராண்டில் சேர்வது அங்கே இரண்டு நாளில் சேர்ந்துவிடும். இது அமைதியான நாளின் கணக்கு. 1972 ஆகஸ்டில் சூரியனில் ஒரு பெரும் சீற்றம் எழுந்தது. அப்பல்லோ-16 ஏப்ரலில் திரும்பிவிட்டது. அப்பல்லோ-17 டிசம்பரில்தான் புறப்பட்டது. இடைப்பட்ட அந்நாளில் எவரேனும் சந்திரனில் நடமாடியிருந்தால் கடும் நோய்க்கு ஆளாகியிருக்கக் கூடும்.

ஆகவே கண்ணாடிக் கூண்டுக்குள் தோட்டமும் மாளிகையுமாகச் சித்திரக்காரர்கள் தீட்டும் சந்திர நகரத்தை நான் நம்புவதில்லை. அங்கே வாழ விரும்புகிறவர் மண்ணுக்கு அடியில்தான் வாழ வேண்டும். இரண்டு மூன்று மீட்டர் மண்ணாவது தலைக்கு மேல் இருத்தல் வேண்டும். வெப்பத்துக்கும் அதுவே காப்பு. சந்திரயான்-3 தரையில் செருகிய வெப்பமானி, மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேலும், வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியும் காட்டியது. அம்மண் அவ்வளவு சிறந்த போர்வை. இயற்கையே தோண்டிவைத்த இடமும் இருக்கலாம். சந்திரயான்-1 எடுத்த படங்களைக் கொண்டு நம் விஞ்ஞானிகள் 2011-இல், பண்டைய எரிமலைக் குழம்பு ஓடி வடிந்ததால் உண்டான, சுமார் 1.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலத்தடிக் குகை ஒன்றைச் சுட்டிக் காட்டினர். மனிதர் தங்குவதற்கேற்ற இடம் என்றே அதனைக் குறித்தனர்.

இட நெருக்கடி தாராவிவாசிகளுக்குப் புதிதன்று. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாகவுள்ள ஒரு கோலியை அளவுகோலாகக் கொள்வோம். அப்பல்லோ வீரர் இருவர் தங்கிய இறங்குகலத்தின் அறை அதில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அப்பல்லோ-17 வீரர்கள் அதற்குள்தான் 75 மணி நேரம் உண்டு உறங்கினார்கள். பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வழக்கமாக எழுவருக்கு, ஏறத்தாழ பதினான்கு கோலிகளுக்குச் சமமான இடம் உண்டு. இடம் தாராளமே. தண்ணீர்தான் அருமை. வியர்வை, சிறுநீர் உட்பட அங்கே சேரும் நீரில் நூற்றுக்கு 98 பங்கைத் தூய்மை செய்து மீண்டும் குடிக்கும் நிலையை 2023-இல்தான் எட்டினார்கள். சந்திரனில் நீர் உண்டு என்பதைச் சந்திரயான்-1 சுமந்துசென்ற கருவிகள் 2009-இல் உறுதிப்படுத்தின. ஆனால் குழாயைத் திறந்து பிடிக்கும் நீரன்று அது. வெயிலே படாத துருவப் பள்ளங்களில் மண்ணோடு உறைந்து கிடப்பதை வெட்டியெடுத்து உருக்க வேண்டும்.

உடலைப் பற்றியும் ஒரு சொல். எடையற்ற நிலையில், தேகப்பயிற்சி இல்லாவிடில், இடுப்பு எலும்பு மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்குக்கு மேல் நலிகிறது. எட்டு நாளைக்கென்று சென்ற சுனிதா வில்லியம்ஸ் 286 நாள் தங்கி 2025 மார்ச்சில் திரும்பினார். நிலையத்தில் இருப்போர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்வது இதற்காகவே. சந்திரனில் எடை ஆறில் ஒரு பங்காகவேனும் உண்டு. அது எலும்புக்குப் போதுமா என்பதைச் சொல்ல, அப்பல்லோ வீரர்கள் அங்கே தங்கிய சில நாள் போதாது. குழந்தை அங்கே பிறந்து வளருமா என்பதற்கோ ஒரு சான்றும் இல்லை. ஆதலால் முதலில் நிகழக்கூடியது குடியேற்றம் அன்று. அண்டார்க்டிகாவில் உள்ள நம் மைத்ரி நிலையத்துக்கு விஞ்ஞானிகள் முறைவைத்துச் சென்று, ஓராண்டு இருந்து, அடுத்த குழுவிடம் சாவியை ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறார்களே, அவ்வாறு சிலர் சென்று, மண்ணுக்கடியில் சில மாதங்கள் தங்கித் திரும்புவர்.